சூரிய அடுப்பின் மங்கிய இரட்டைக் கண்ணாடியை நீங்களே மாற்றலாம்

பல கிராமங்களில் மொட்டை மாடியிலோ மாட்டுக் கொட்டகையின் மூலையிலோ பெட்டி வடிவச் சூரிய அடுப்பு ஒன்று கிடப்பதைக் காணலாம். வாங்கிய புதிதில் அதில் சோறும் பருப்பும் நன்றாகவே வெந்தன. பின்னர், காலை பத்து மணிக்கு வைத்த அரிசி மதியம் இரண்டு மணியாகியும் அரைவேக்காடாக நின்றது. "வெயில் முன்போல் இல்லை" என்று ஒருவர் சொல்ல, "அடுப்பே இவ்வளவுதான்" என்று இன்னொருவர் சொல்ல, அது ஓரம் கட்டப்பட்டது. இப்போது அதற்குள் விதை வெங்காயமோ பழைய சாக்கோ இருக்கும்.

அந்த அடுப்பின் மூடியைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே பால் தெளித்துக் காய்ந்தாற்போல் ஒரு வெண்படலம் தெரிந்தால், அடுப்பின் நோய் அங்கேதான் இருக்கிறது. பெட்டியும் பாத்திரமும் எதிரொளிக்கும் கண்ணாடியும் நன்றாக இருக்க, இந்த ஒரு கோளாறினால் அடுப்பு முழுவதையும் கைவிடுவது வீண் நட்டம். கையில் திருப்புளியும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் ஒரு வாரத்துக்குள் மூடியைப் பழைய நிலைக்குக் கொண்டு வந்துவிடலாம். வேலை என்னவோ மூன்று நான்கு மணி நேரம்தான். மீதி நாட்கள் பசை காய்வதற்கு.

இரண்டு கண்ணாடி எதற்கு?

வெயிலின் ஒளி கண்ணாடியை எளிதாக ஊடுருவிச் செல்லும். உள்ளே கறுப்புப் பூசிய தட்டில் விழுந்து வெப்பமாக மாறிய பின், அந்த வெப்பக் கதிர் அதே கண்ணாடி வழியே திரும்பிப் போக முடியாது. கண்ணாடி அதை உறிஞ்சிக்கொள்ளும். இந்த இயல்பைக் கொண்டு பல அடுக்குக் கண்ணாடியிட்ட வெப்பப் பெட்டியை 1767-லேயே சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த சொசூர் என்ற அறிஞர் செய்து பார்த்தார். ஆனால் ஒரே கண்ணாடி போதாது. உறிஞ்சிய வெப்பத்தால் கண்ணாடி சூடாகும். மேலே வீசும் காற்று அந்தச் சூட்டைக் கொண்டு போய்விடும். எனவேதான் மேலே இன்னொரு கண்ணாடி வைத்து, இரண்டுக்கும் நடுவே ஒன்று முதல் இரண்டு செ.மீ. வரை காற்றை அசையாமல் அடைத்து வைக்கிறார்கள். அசையாத காற்றைப் போல வெப்பத்தைத் தடுக்கும் மலிவான பொருள் வேறு இல்லை.

சிலர் மங்கிய கண்ணாடிகளில் ஒன்றைக் கழற்றி எறிந்துவிட்டு மற்றொன்றை மட்டும் வைத்துச் சமைக்கப் பார்க்கிறார்கள். வெளிச்சம் கூடுதலாக உள்ளே போகும் என்பது உண்மை. வெப்பம் அதைவிடக் கூடுதலாக வெளியே போகும் என்பதும் உண்மை. காற்று வீசும் நாளில் இந்த ஒற்றைக் கண்ணாடி மூடியில் பருப்பு வேகாது.

மங்குவதால் எவ்வளவு இழப்பு என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். சுத்தமான சாதாரணக் கண்ணாடி ஒன்று, தன் மீது விழும் வெயிலில் நூற்றுக்குச் சுமார் 85 பங்கை உள்ளே விடும். இரண்டு கண்ணாடிகளைத் தாண்டி உள்ளே சேர்வது சுமார் 72 பங்கு. நடுவிலுள்ள படலம் அதில் ஐந்தில் ஒன்றை மறித்தால் 58 பங்குதான் மிஞ்சும். பெட்டியின் பக்கங்கள் வழியாகவும் மூடி வழியாகவும் கசியும் வெப்பமோ முன்போலவே கசியும். வரவு குறைந்து செலவு குறையாத குடும்பம் போலத்தான். கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழேயே அடுப்பு நின்றுவிடும். அரிசி ஊறும், வேகாது.

ஈரம் எங்கிருந்து வருகிறது?

மூடி நன்றாக மூடியிருக்கும்போது நடுவே நீர் எப்படிப் புகுந்தது என்று பலரும் வியக்கிறார்கள். மூடி தினமும் மூச்சு விடுகிறது என்பதே விடை. 50 செ.மீ. நீள அகலமும் 2 செ.மீ. இடைவெளியும் உள்ள மூடியில் 5 லிட்டர் காற்று அடைபட்டிருக்கும். காலை 30 டிகிரியில் இருந்த அந்தக் காற்று நண்பகலில் 90 டிகிரிக்குச் சூடானால் 6 லிட்டர் ஆக விரிய முயலும். கூடுதலான ஒரு லிட்டர், எங்கே சிறு கீறல் கிடைக்கிறதோ அங்கே வெளியேறும். மாலையில் மூடி ஆறும்போது முக்கால் லிட்டருக்குக் குறையாத காற்று மீண்டும் உள்ளே இழுக்கப்படும்.

அது எந்தப் பக்கத்திலிருந்து இழுக்கப்படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கீழ்க்கண்ணாடியின் ஓரப்பசை விட்டுப் போயிருந்தால், சமையலின் நீராவி நிறைந்த பெட்டிக் காற்று உள்ளே வரும். சோற்றை எடுத்த பிறகு ஈரத்தைத் துடைக்காமல் அடுப்பை அப்படியே மூடி வைக்கும் வீடுகளில் இது தினமும் நடக்கும். இரவில் குளிர்ந்ததும் அந்த ஆவி கண்ணாடியில் முத்து முத்தாக நிற்கும்.

நீர் மட்டும் நின்றால் வெயிலில் மீண்டும் ஆவியாகிவிடும். ஆனால் மாதக்கணக்கில் நனைந்து காய்ந்து நனைந்து காயும் கண்ணாடியிலிருந்து உவர்ச் சத்து வெளியே வந்து வெண்மையாகப் பூக்கும். இதனோடு, உட்பெட்டியின் கறுப்புப் பூச்சிலிருந்தும் தாளித்த எண்ணெயிலிருந்தும் கிளம்பும் ஆவி பழுப்பாகப் படியும். இவ்விரண்டும் சேர்ந்ததுதான் நாம் காணும் மங்கல்.

குளிர் நாடுகளில் வீட்டு ஜன்னல்களுக்கே இப்படி இரட்டைக் கண்ணாடி போடுகிறார்கள். அங்கே தொழிற்சாலையிலேயே ஓரங்களை முழுதும் ஒட்டி மூடி, இடையிலுள்ள உள்ளீடற்ற சட்டத்தில் ஈரம் உறிஞ்சும் மணிகளை நிரப்பி விடுவார்கள். ஒட்டு விட்டுப் போய், மணிகளும் ஈரம் ஏறி நிறைந்துவிட்டால் அந்த ஜன்னலும் மங்கும். அதைப் பிரித்துத் துடைப்பதில்லை; சட்டத்தை விட்டுவிட்டு இரட்டைக் கண்ணாடியை ஒரே வில்லையாக மாற்றி விடுவார்கள். நம் சூரிய அடுப்பு மூடி அவ்வளவு இறுக்கமானதல்ல. பெரும்பாலானவை திருகாணிகளைக் கழற்றினால் பிரிந்து வரும். அதுவே நமக்குச் சாதகம். உங்கள் மூடியில் இரு கண்ணாடிகளும் ஒரே வில்லையாக ஒட்டப்பட்டிருந்தால் மட்டும் அதைப் பிளக்க முயல வேண்டாம். அதே அளவில் மூடியை முழுதாக வாங்குவதே நலம்.

முதலில் நோயை அறியுங்கள்

மூடியின் மேற்புறத்தையும் அடிப்புறத்தையும் ஈரத் துணியால் துடைத்து உலர விடுங்கள். இதிலேயே பாதி அடுப்புகள் குணமாகிவிடும். மேலே படிந்த புழுதியும் கீழே படிந்த எண்ணெய்ப் பிசுக்குமே குற்றவாளிகளாக இருப்பதுண்டு. சமைக்கும்போது கீழ்க்கண்ணாடியின் அடியில் நீராவி படிவதும் ஒரு கோளாறல்ல. பாத்திர மூடி சரியாகப் பொருந்தவில்லை என்பதற்கு அது அடையாளம்.

இரண்டு பக்கமும் துடைத்த பின்னும் மங்கல் தெரிந்தால் அது நடுவில்தான் இருக்கிறது. காலையில் முத்துக்களாக நின்று, பதினோரு மணிக்குள் சுவடின்றி மறைந்தால் கண்ணாடி இன்னும் கெடவில்லை. பிரித்து உலர்த்தி ஓரத்தைப் புதிதாக ஒட்டினால் போதும். நண்பகலிலும் வெண்மை மறையவில்லையானால் பிரித்துக் கழுவிப் பார்க்க வேண்டும். கழுவிய பின்னும் விரலால் தடவும்போது சொரசொரப்பு இருந்தாலோ, சாய்த்துப் பார்க்கையில் எண்ணெய் மிதக்கும் நீர்போல் வானவில் நிறங்கள் தெரிந்தாலோ கண்ணாடியின் முகமே அரிக்கப்பட்டுவிட்டது என்று கொள்ளலாம். அதை எந்த மருந்தும் சரி செய்யாது. மாற்றத்தான் வேண்டும்.

எந்தக் கண்ணாடி வாங்குவது?

இந்த இடத்தில் சிக்கனம் பார்த்து நானே ஒரு முறை ஏமாந்தேன். கீழ்க்கண்ணாடிக்கு ஜன்னலில் போடும் சாதாரணக் கண்ணாடியை வெட்டிப் பொருத்தினேன். முதல் வாரம் எல்லாம் சரியாக நடந்தது. எட்டாம் நாள் நண்பகலில், மேலே காக்கை இட்ட எச்சத்தைத் துடைக்க ஈரத் துணியை எடுத்ததோடு, சாதம் வெந்துவிட்டதா என்று மூடியையும் தூக்கினேன். துணியிலிருந்து நீர் சொட்டி உட்புறக் கண்ணாடியில் விழுந்தது. 'டப்' என்று ஓர் ஓசை. மூலைக்கு மூலை விரிசல். ஒரு சில்லு பாத்திரத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. எங்கே எவ்வளவு விழுந்தது என்று யார் சொல்ல முடியும்? ஆறு பேருக்கான சோற்றைக் குழி தோண்டிப் புதைத்தோம். மாட்டுக்குக்கூட வைக்க முடியவில்லை.

சாதாரணக் கண்ணாடியில் ஓரிடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் சுமார் 40 டிகிரி வேறுபாடு ஏற்பட்டாலே விரிசல் விடக்கூடும். சூடாக்கிச் சட்டென்று குளிர வைத்துக் கெட்டிப்படுத்திய கண்ணாடி சுமார் 200 டிகிரி வேறுபாட்டையும் தாங்கும். கடைகளில் இதை டஃபண்ட் கண்ணாடி என்பார்கள். உடைந்தாலும் கத்தி முனையாகச் சிதறாமல் கற்கண்டு போலப் பொடியாகும். கீழ்க்கண்ணாடிக்கு இது கட்டாயம். மேற்கண்ணாடிக்குச் சாதாரணக் கண்ணாடி போதும் என்று சிலர் சொல்வார்கள். கோடை மழையின் முதல் துளிகள் கொதிக்கும் மூடியில் விழுவதையும், தேங்காய் மட்டையும் மாங்காயும் விழும் தோட்டத்து வீடுகளையும் நினைத்துப் பார்த்தால் இரண்டையுமே டஃபண்டாகப் போடுவதுதான் நல்லது என்பது என் கருத்து.

இந்தக் கண்ணாடியில் ஒரு தொல்லை உண்டு. கெட்டிப்படுத்திய பிறகு அதை வெட்டவோ துளையிடவோ ஓரத்தைத் தேய்க்கவோ முடியாது. வைர ஊசியை வைத்த மாத்திரத்தில் முழுதும் பொடியாகும். ஆகையால் அளவைக் கொடுத்துச் செய்து வாங்க வேண்டும், ஒரு மி.மீ. தவறினாலும் திரும்பக் கொடுக்க இயலாது. பழைய கண்ணாடியின் அளவை மட்டும் நம்பாதீர்கள். சட்டத்தின் உள்வாயை நீளத்தில் மூன்று இடத்திலும் அகலத்தில் மூன்று இடத்திலும் அளந்து, ஒவ்வொன்றிலும் மிகச் சிறிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள். மூலைக்கு மூலை இரு புறமும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்திருந்தால் சட்டம் கோணவில்லை. கோணியிருந்தால் முதலில் அதை மூலைமட்டம் வைத்து நேராக்கி, பிறகு அளக்க வேண்டும். கிடைத்த அளவில் நீளத்திலும் அகலத்திலும் 4 மி.மீ. குறைத்துக் கண்ணாடிக்குச் சொல்லுங்கள். ஒவ்வொரு பக்கமும் 2 மி.மீ. இடைவெளி கிடைக்கும்.

இந்த இடைவெளி வீணல்ல. அலுமினியம் கண்ணாடியைவிட இரண்டரை மடங்கு விரியும் தன்மையுடையது. 50 செ.மீ. நீளத்தில் 70 டிகிரி சூடு ஏறினால் கண்ணாடி 0.3 மி.மீ. நீளும், சட்டமோ 0.8 மி.மீ. நீளும். தினமும் இரண்டும் ஒன்றை ஒன்று உரசி இழுத்துக்கொண்டிருக்கும். கண்ணாடியின் ஓரம் உலோகத்திலோ திருகாணியிலோ நேரடியாக முட்டக் கூடாது. ஜன்னலுக்குப் போடும் சுண்ணாம்புப் பட்டி இங்கே உதவாததற்கும் இதுவே காரணம். அது காய்ந்து கல்லாகி, ஒரே கோடையில் வெடித்துவிடும்.

கனம் 4 மி.மீ. போதும். 50 செ.மீ. சதுரக் கண்ணாடி அந்தக் கனத்தில் இரண்டரை கிலோ எடை இருக்கும். இரண்டும் சேர்ந்து 5 கிலோ. இதைவிடக் கனமாகப் போட்டால் கீல் தாங்காது. நிறமேற்றிய கண்ணாடி, பூப்போட்ட கண்ணாடி, வெயிலைத் தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடி ஆகியவை கூடவே கூடாது. அடுக்கி வைத்த கண்ணாடிகளின் ஓரத்தைப் பாருங்கள். பச்சை குறைவாகத் தெரிவது நல்லது. பச்சை நிறம் அதிலுள்ள இரும்பால் வருவது. அது வெயிலைக் கொஞ்சம் விழுங்கிவிடும். அக்ரிலிக் தகடு உடையாது, இலேசானது என்று விற்பார்கள். அது 90 டிகிரியைத் தாண்டினால் இளகி வளையும். அடுப்பு மூடிக்கு ஆகாது.

பிரித்தல்

கண்ணாடி கைக்கு வந்த பிறகே மூடியைப் பிரியுங்கள். வேலையை நிழலில், மூடி நன்றாக ஆறியிருக்கும்போது செய்ய வேண்டும். கயிற்றுக் கட்டிலில் கனத்த போர்வையை நான்காக மடித்து விரித்தால் நல்ல மேசையாகும். கையுறை இல்லாவிட்டால் பழைய சாக்குத் துணியைக் கையில் சுற்றிக்கொள்ளலாம். காலில் செருப்பு அவசியம். பிள்ளைகளையும் கோழிகளையும் அந்தப் பக்கம் விட வேண்டாம்.

எதிரொளிக்கும் கண்ணாடியை முதலில் கழற்றித் தனியே துணியில் சுற்றி வையுங்கள். மூடியின் மேற்புறம் எது, கீல் பக்கம் எது என்பதை மையால் எழுதுங்கள். நான்கு மூலைகளுக்கும் எண் இடுங்கள். கழற்றும்போது எல்லாம் நினைவிருக்கும் போலத் தோன்றும். பூட்டும்போதுதான் குழப்பம் வரும். துருப்பிடித்த திருகாணிகளில் முதல் நாள் இரவே ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு வைத்தால் மறுநாள் எளிதில் திரும்பும். கழற்றிய திருகாணிகளை ஒரு கிண்ணத்தில் போடுங்கள்.

பழைய பசையை மெல்லிய கத்தியால் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே செலுத்தி அறுத்துக்கொண்டே வாருங்கள். நான்கு பக்கமும் அறுத்த பிறகு கண்ணாடியைக் கீழிருந்து உள்ளங்கையால் தள்ளி எழுப்ப வேண்டும். திருப்புளியை ஓரத்தில் கொடுத்து நெம்பக் கூடாது. டஃபண்ட் கண்ணாடி நடுவில் அடித்தால் தாங்கும். ஓரத்தில் சிறு தட்டுத் தட்டினாலும் மொத்தமாகப் பொடியாகிவிடும். கண்ணாடி ஏற்கெனவே விரிந்திருந்தால், எழுப்புவதற்கு முன் அதன் மேல் செய்தித்தாளைக் கஞ்சிப் பசையால் ஒட்டிக் காயவிட்டால் சில்லுகள் சிதறாமல் ஒன்றாக வரும்.

கழுவித் தப்புமா என்று பாருங்கள்

வெளியே வந்த கண்ணாடி அரிக்கப்படாதிருந்தால் அதையே பயன்படுத்தலாம். சோப்பு நீரில் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்த பின், எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ வெண்படலத்தின் மேல் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டு மெல்லிய துணியால் தேயுங்கள். உவர்ப் பூப்பு புளிப்பில் கரையும். சாம்பல், செங்கல் தூள், தேங்காய் நார் ஆகியவை வெண்கலத்துக்கு உகந்தவை. கண்ணாடியில் கீறல் போட்டுவிடும். கடைசியாக அலசும் நீர் முக்கியம். கிணற்று நீர் உப்பானால் பிடித்து வைத்த மழை நீரைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் ஒரு படலத்தைப் போக்கி இன்னொன்றை ஏற்றியதாக முடியும்.

சட்டத்தில் ஒட்டியுள்ள பசையைச் சுரண்டி ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். எண்ணெய் துளி இருந்தாலும் புதுப் பசை பிடிக்காது. இடைச்சட்டம் மரமாக இருந்து ஈரத்தில் ஊதியிருந்தால் அதை எறிந்துவிட்டு, அதே கனத்தில் அலுமினியப் பட்டையைக் கடையில் வெட்டி வாங்கிப் போடுங்கள். மரம் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு, சூடேறும்போது கண்ணாடிகளுக்கு நடுவே கக்கும்.

மூச்சுத் துளை

பழைய மூடிகளில் பெரும்பாலும் இல்லாத ஒரு மாற்றத்தை இப்போது செய்ய வேண்டும். எவ்வளவு கவனமாக ஒட்டினாலும் நம் கையால் தொழிற்சாலை ஒட்டுப் போட முடியாது. மூடி எப்படியும் மூச்சு விடும். அது நீராவி நிறைந்த பெட்டிப் பக்கம் மூச்சு விடாமல், வெளிப்பக்கம் விடும்படி செய்துவிட்டால் போதும். கீழ்க்கண்ணாடியை இடைவெளியே இல்லாமல் முழுதும் ஒட்டிவிட்டு, இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவிலுள்ள இடத்திலிருந்து சட்டத்தின் வெளிப்புறத்துக்கு 2 மி.மீ. துளைகள் இரண்டு இடுங்கள். அடுப்பைச் சாய்த்து வைத்தால் தாழ்வாக வரும் பக்கத்தில் இரு ஓரமாக இவை இருக்கட்டும். நண்பகலில் ஈரக் காற்று இவ்வழியே வெளியேறும்; மாலையில் வெளியிலுள்ள உலர்ந்த காற்று உள்ளே வரும்.

துளைகளைக் கண்ணாடி பொருத்தும் முன்பே இட்டு, உலோகத் துகள்களைத் துடைத்துவிட வேண்டும். எறும்பும் புழுதியும் புகாமலிருக்க ஒவ்வொரு துளையிலும் ஒரு சிட்டிகைப் பஞ்சைத் தளர்வாக வைக்கவும். இறுக அடைத்தால் துளை இருந்தும் பயனில்லை.

ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளை நடுவே போடலாமே என்று கேட்கலாம். போடலாம், ஆனால் தினமும் முக்கால் லிட்டர் புதுக் காற்று வந்து போகும் மூடியில் அவை விரைவில் நிறைந்துவிடும். மீண்டும் உலர்த்த மூடியைப் பிரிக்க வேண்டும். ஆகவே மணிகளைவிட மூச்சுத் துளையே நமக்கு ஏற்றது.

பொருத்துதல்

இந்த வேலைக்கு மாசி முதல் வைகாசி வரையிலான மாதங்களே உகந்தவை. ஐப்பசி, கார்த்திகையில் ஒட்டினால் அடைமழைக் காற்றையே நடுவில் அடைத்தது போலாகும். நாளிலும் காலை வேளை வேண்டாம். பிற்பகல் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை காற்றில் ஈரம் குறைவாக இருக்கும். அதற்கு முன் ஒரு மணி நேரம் கண்ணாடிகளையும் இடைச்சட்டத்தையும் வெயிலில் சாய்த்து வைத்தால் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் ஈரமும் போய்விடும்.

ஒட்டுவதற்கு வெப்பம் தாங்கும் சிலிக்கோன் பசையை வாங்குங்கள். அது காய்ந்தாலும் ரப்பர் போல இழுபடும். ஆகவே கண்ணாடியும் சட்டமும் வெவ்வேறாக விரிந்தாலும் விடாது. குளியலறைக்கென விற்கும் வகையில் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்திருக்கும். உணவு வேகும் பெட்டிக்கு அது வேண்டாம். குழாயின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்தோ, கடைக்காரரைக் கேட்டோ வாங்கவும். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கோன் கண்ணாடிக்கும் அலுமினியத்துக்கும் பொருந்தும். ஆனால் எதிரொளிக்கும் கண்ணாடியின் பின்புறப் பூச்சை அரித்துவிடும். அதன் அருகே கொண்டு போகாதீர்கள்.

சட்டத்தின் விளிம்பில் 5 மி.மீ. தடிப்பில் பசையை ஒரே கோடாக, எங்கும் விட்டுப் போகாமல், மூலைகளில் சற்றுக் கூடுதலாக இட்டு வாருங்கள். கண்ணாடியின் ஓரம் அமரும் இடங்களில் 2 மி.மீ. ரப்பர்த் துண்டுகளைப் பக்கத்துக்கு இரண்டு வீதம் வையுங்கள். இருவர் சேர்ந்து கீழ்க்கண்ணாடியைத் தட்டையாக இறக்கி, உள்ளங்கையால் சுற்றிலும் ஒரே சீராக அழுத்த வேண்டும். பசை சற்றுப் பிதுங்கினால் போதும். முழுதும் பிதுங்கி வெளியே வந்துவிடும்படி அழுத்தினால் நடுவே மெத்தென்று எதுவும் மிஞ்சாது. பிதுங்கியதைச் சோப்பு நீரில் நனைத்த விரலால் வழித்து, ஓரத்தை மூடி விடுங்கள். கண்ணாடியின் மேல் முகத்தில் சோப்பு நீர் படாமல் பார்த்துக்கொள்ளவும். ஒரு நாள் முழுதும் அசைக்காமல் விடுங்கள்.

மறுநாள் அதே பிற்பகல் வேளையில் இடைச்சட்டத்தை அமர்த்துங்கள். கீழ்க்கண்ணாடியின் மேல் முகத்தை ஸ்பிரிட்டில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். விரல் ரேகை ஒன்று இருந்தாலும் இப்போதே எடுத்துவிடுங்கள். மூடிய பிறகு அதைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மேற்கண்ணாடியின் அடி முகத்தையும் அவ்வாறே துடைத்து, அதே முறையில் பசையிட்டு இறக்குங்கள். மழை நீர் புகாதபடி வெளி ஓரத்தை முழுதும் மூட வேண்டும். மூச்சுத் துளையின் வாயில் மட்டும் பசை படக் கூடாது. சட்டத் திருகாணிகளை எதிரெதிர் மூலைகளாகச் சிறிது சிறிதாக முறுக்குங்கள். ஒரு மூலையை முழுதும் முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கண்ணாடி முறுக்கிக்கொள்ளும்.

மூன்று நாட்கள் நிழலில் காயட்டும். நான்காம் நாள் பாத்திரமில்லாமல் காலிப் பெட்டியில் மூடியை ஒரு விரற்கடை திறந்து வைத்து, நாள் முழுதும் வெயிலில் விடுங்கள். புளித்த வாடை அடியோடு போகும் வரை உணவு வைக்க வேண்டாம். இரண்டு நாள் ஆனாலும் பொறுத்திருங்கள்.

ரப்பர்ப் பட்டையையும் பாருங்கள்

மூடியைச் சரி செய்துவிட்டுப் பெட்டியின் வாயிலுள்ள ரப்பர்ப் பட்டையை விட்டுவிட்டால் பாதி வேலைதான் செய்ததாகும். ஒரு துண்டுக் காகிதத்தை விளிம்பில் வைத்து மூடியை மூடி, காகிதத்தை இழுத்துப் பாருங்கள். பிடித்து இழுத்தால் நன்று. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் சூடு ஒழுகுகிறது. சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு இடத்தில் இப்படிப் பார்க்க வேண்டும். பட்டையை மாற்றுவதானால் வெப்பம் தாங்கும் சிலிக்கோன் ரப்பர்ப் பட்டையையே போடுங்கள். பழைய சைக்கிள் டியூபை அறுத்து ஒட்டும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது சூட்டில் பிசுபிசுத்து, சோற்றிலும் ரப்பர் வாடையை ஏற்றிவிடும்.

சோதனை

வானம் தெளிவான ஒரு நாளில், சமையல் வெப்பமானி இருந்தால் அதை உள்ளே வைத்துக் காலிப் பெட்டியை மூடி, பத்து மணி முதல் வெயிலில் வையுங்கள். எதிரொளிக்கும் கண்ணாடியை மூடியே வைத்திருந்தால் வெயில் மறையும். ஆகையால் அதைப் பின்னால் முழுதும் சாய்த்துவிடுங்கள். நல்ல மூடியானால் நண்பகலில் உள்ளே 120 டிகிரியைத் தாண்ட வேண்டும். 100 டிகிரிக்குக் கீழேயே நின்றால் பட்டையிலோ கீழ்க்கண்ணாடி ஓரத்திலோ கசிவு இருக்கிறது. அல்லது பக்கவாட்டிலுள்ள கண்ணாடிப் பஞ்சு நனைந்து படிந்திருக்கிறது. வெப்பமானி இல்லாதவர்கள் எப்போதும் சமைக்கும் அளவில் அரிசி வைத்துப் பாருங்கள். சுமார் இரண்டு மணி நேரத்தில் வெந்தால் அடுப்பு தேறிவிட்டது.

முதல் வாரம் காலையில் நடுவே இலேசான பனிப் படர்வு தெரியக்கூடும். பசையில் மிச்சமிருந்த ஆவியும் உள்ளே அகப்பட்ட ஈரமுமே அதற்குக் காரணம். பத்து மணிக்குள் மறைந்தால் அஞ்ச வேண்டாம். ஒரு மூலையில் மட்டும் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனால் அந்த மூலையின் கீழ் ஓரத்தில் ஒட்டு விட்டிருக்கிறது. மூடியைப் பிரிக்காமலே அடிப்புறமாக அந்த இடத்தைச் சுரண்டித் துடைத்து, மீண்டும் பசை இட்டு மூடலாம்.

வீட்டுத் தாய்மார்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. சோற்றை எடுத்தவுடன் பெட்டியின் உட்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்து, மூடியை அரை மணி நேரம் சற்றுத் திறந்து வைக்கவும். சூடாயிருக்கும் மூடியில் நீர் தெளிக்கவோ ஈரத் துணி போடவோ கூடாது. புழுதியைக் காலை வெயிலுக்கு முன்பே துடைத்துவிடுங்கள். மழைக் காலத்தில் அடுப்பை வீட்டினுள் உலர்ந்த இடத்தில் வைத்து, மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு குச்சியைக் கொடுத்துக் காற்றோட்டம் விடவும். மூச்சுத் துளையிலுள்ள பஞ்சைப் பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது ஒரு முறை மாற்றினால் போதும்.

கழற்றிய பழைய கண்ணாடி முழுதாக இருந்தால் எறிந்துவிட வேண்டாம். மங்கலான கண்ணாடி நாற்றுத் தட்டின் மேல் மூடி வைக்க உதவும். மிளகாய், கத்தரி விதைகள் மார்கழிக் குளிரில் முளைக்கத் தயங்கும்போது அதன் அடியில் இரண்டொரு நாள் முன்னதாக முளைவிடும். முளை தலை தூக்கியதும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நாற்று வெந்துபோகும்.